வந்தவர்களில் நூற்றுக்கு நூறு

அந்த இதய நிலையத்தில் தொடை வழியாக வால்வு மாற்றிக்கொண்டவர்கள் யாரும் செத்ததில்லை. இது வாய்ப்பேச்சு இல்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு நிறுத்திவைத்திருக்கும் பலகையிலேயே எழுதியிருக்கிறது: 'ஒன்பதாம் ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேர் உயிருடன் இருக்கிறார்கள்.' நூறு என்ற எண் பச்சை நிறத்தில், எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்தே தெரியும். 'வந்தவர்களில்' என்ற சொல்லைப் படிக்க மட்டும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும்.

மகள் ஒன்பது வருஷமாக அந்தப் பலகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நின்று படித்தது இந்த வருஷம்தான். அதுவும் ஆசைப்பட்டு இல்லை. வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் உள்ள நாற்பது அடிக்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கி, பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் மூச்சு திரும்பும் வரை அவளுக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அப்பாவை அந்த வட்டாரத்தில் எல்லாரும் குழாய்க்காரர் என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷம் வீடு வீடாகக் குழாய் போட்டவர். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், நீளமான திருப்புளியின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். இரண்டு நிமிஷத்தில் ஒரு இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். வட்டத்துக்கு வெளியே உடைத்ததாகச் சரித்திரம் இல்லை. மனைவி போன பிறகு மகளோடுதான் இருந்தார். மகள் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். சோதனை செய்வதற்கு முன்பே முடிவை எழுதி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பிடிப்பது அவள் வேலையில் பாதி.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் இதயத்தில் ஒரு வால்வு இறுகிப் போனது. இந்த வயதில் நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்று சொல்லி, தொடையில் ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைச் சுருட்டி அனுப்பி, உள்ளே போய் விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு நடந்து வந்தார். "சுவரை உடைக்காம வால்வை மாத்திட்டாங்கம்மா. நாப்பது வருஷத்துல எனக்கு இது தோணலையே" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் மாடித் தொட்டிக்கு ஏணியில் ஏறினார், பேத்தியைத் தோளில் வைத்துக் கடைத்தெருவுக்குப் போனார். அந்த ஒன்பது வருஷத்தையும் கொடுத்தது நிலையம்தான். மகள் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. மிச்சம் இருந்ததைப் பற்றித்தான் அவளுக்குப் பேச வேண்டியிருந்தது.

வால்வு வைக்கும்போதே அவரை ஓர் ஆய்வில் சேர்த்திருந்தார்கள். வால்வு வைத்தவர்கள் நீண்ட காலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பத்து வருஷம் பார்க்கும் ஆய்வு. அதற்கென்று நான்காம் மாடியில் நெடுங்கால நலன் பிரிவு என்று ஒன்று. வருஷத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு. நடுவில் ஒரு முறை அங்கிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா தொலைபேசியில் கூப்பிடுவார். இனிமையான குரல். "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். குழாய்க்காரர் அந்த அழைப்புக்காக இஸ்திரி போட்ட சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்க யார் கூப்பிட்டாலும் கசியுது, அடைக்குது என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். அப்படிக் கேட்கிறவரிடம் போய் முட்டி வலி, முதுகு வலி என்று ஒப்பாரி வைப்பது மரியாதையா? "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா" என்பார். அந்தப் பக்கம் ஒரு தட்டச்சுச் சத்தம் கேட்கும்.

இந்த வருஷத்து அழைப்பு வந்தபோது அவருக்கு மூச்சிறைப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்க முடிந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அப்படியும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா" என்றார். மகள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் வைத்துவிட்டார்.

"ஏம்ப்பா இப்படிச் சொன்னீங்க?"

"போன்ல கேக்குறவங்ககிட்ட என்னம்மா சொல்றது. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க."

அந்த அம்மா என்ன பண்ணினார் என்பது நேரில் போனபோது தெரிந்தது.

*

கீழே வரவேற்பில் எண்ணைத் தட்டியதும் திரை சிவப்பானது. "ஆய்வுல இருக்கிறவர். நாலாம் மாடி" என்றார்கள். மூச்சு வாங்குது, டாக்டரைப் பார்க்கணும் என்று மகள் சொன்னாள். டாக்டர் இரண்டாம் மாடி, ஆனால் ஆய்வில் இருக்கிறவர் இரண்டாம் மாடிக்கு நான்காம் மாடி வழியாகத்தான் போக முடியும் என்றார்கள். லிஃப்ட் இரண்டில் நின்றது. கதவு திறந்து, மூடி, மேலே போனது.

ஒருங்கிணைப்பாளர் அம்மா நேரிலும் இனிமையாகத்தான் இருந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "உங்க கவலை எனக்குப் புரியுதும்மா. ஆனா ஐயாவோட அடுத்த சந்திப்பு எழுபத்திரண்டு நாள் கழிச்சுத்தான். இந்த மூச்சிறைப்பு ரெண்டு சந்திப்புக்கு நடுவுல வந்திருக்கு. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"கட்டம் கிடக்கட்டும். அவரால நடக்க முடியல."

"அப்படியா? எங்க கோப்புல வேற மாதிரி இருக்கே." கணினியைத் திருப்பிக் காட்டினார். 'நோயாளி தாமே உறுதி செய்தது: நலம்.' பக்கத்தில் தேதியும் நேரமும், வினாடி உட்பட. "நாங்க எதையும் சொந்தமா எழுதுறதில்லைம்மா. நோயாளி என்ன சொல்றாரோ அதுதான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். குழாய்க்காரர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு அன்றைக்கே சோதனைகளைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள். முதலில் ஆறு நிமிஷ நடை. முப்பது மீட்டர் தாழ்வாரம், இந்த முனையில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்த முனையில் ஒன்று. நடைக்கு ஒரு அலுவலர், கையில் நிறுத்துக் கடிகாரம். குழாய்க்காரர் இரண்டாவது தடவை திரும்பும்போதே சுவரைப் பிடித்துவிட்டார். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "தாராளமா உக்காருங்க ஐயா. கடிகாரம் மட்டும் ஓடிட்டே இருக்கும்" என்றார் அலுவலர். கடிகாரம் ஓடி முடித்தது. எழுபது மீட்டர். போன வருஷம் இருநூற்றுத் தொண்ணூறு.

அலுவலர் படிவத்தில் இருநூற்றுத் தொண்ணூறு என்று எழுதினார்.

"எழுபதுதானே?" என்றாள் மகள்.

"இன்னைக்கு எழுபது. ஆனா இன்னைக்குச் சந்திப்பு நாள் இல்லையே. சந்திப்பு இல்லாத நாள்ல நடந்தா, கடைசிச் சந்திப்புல நடந்ததுதான் செல்லும். அப்படித்தான் விதி." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது அவருக்கு நல்லதுதானேம்மா" என்றார்.

அடுத்தது வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்வித்தாள். எங்கோ வெளிநாட்டில் தயாரித்து, வரிக்கு வரி மொழிபெயர்த்தது. ஒருங்கிணைப்பாளர் வாசிக்க, குழாய்க்காரர் பதில் சொன்னார்.

"கடந்த இரண்டு வாரத்தில், மூச்சிறைப்பால் உங்கள் நீச்சல் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது?"

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா."

"அப்ப பாதிக்கப்படலைதானே?"

"பாதிக்கப்படல."

"குதிரையேற்றம்?"

"இல்லம்மா."

"டென்னிஸ், பனிச்சறுக்கு, நடன விருந்துகள்?"

குழாய்க்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். தன்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக யாரும் நினைத்ததில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. எதுவுமே பாதிக்கப்படவில்லை என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. ஒன்பது மதிப்பெண் போனது படிக்கட்டில்.

கடைசியாக ஸ்கேன். இருட்டறையில் ஒரு பெண் நெஞ்சில் கருவியை வைத்து அழுத்தினாள். திரையை அவளுக்கு மட்டும் தெரியும்படித் திருப்பி வைத்திருந்தாள். ஆனால் சத்தத்தைத் திருப்பி வைக்க முடியாதே. துடிப்புக்குத் துடிப்பு புஸ், புஸ் என்று ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட வேலை அவர் முகத்துக்குத் திரும்ப வந்தது.

"மூடுறப்ப மூட மாட்டேங்குது. திரும்பி வருது" என்றார். "வால்வு தேஞ்சுபோச்சு."

அந்தப் பெண் கருவியை எடுக்காமல், அவர் முகத்தையும் பார்க்காமல், "நான் எதுவும் சொல்லலைங்க ஐயா" என்றாள். "எனக்குச் சொல்ல அனுமதி இல்ல. ஆனா நீங்க சொன்னதை நான் மறுக்கவும் இல்ல."

முடிவை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அது நோயாளிக்கு இல்லை. இரண்டாம் மாடி டாக்டருக்கும் இல்லை. தீர்மானக் குழுவுக்கு.

*

ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் வால்வா, வேறா என்று தீர்மானிப்பதற்காக மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. பத்து வருஷமாக இயங்குகிறது. இதுவரை வால்வைக் குற்றவாளியாகக் கண்டதில்லை. குழாய்க்காரரோடு அதே வாரம் வால்வு வைத்துக்கொண்ட மூன்று பேர் அவருக்குச் சிநேகிதம். தலைமையாசிரியை ஆறாம் வருஷம் கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே போனார். குழு 'மூப்பு' என்றது. பேருந்து ஓட்டுநர் மாடிப்படியில் மூச்சடைத்து விழுந்தார். 'மாடிப்படி' என்றது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டிலேயே இறந்தார். நிலையத்துக்கு யாரும் சொல்லவில்லை. குழாய்க்காரர்தான் அடுத்த சந்திப்பில் சொன்னார்: "அவரு போயிட்டாரும்மா. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்." ஒருங்கிணைப்பாளர் வருத்தப்பட்டார். "ஆனா நீங்க சொல்றதை நான் எழுத முடியாது ஐயா. அவர் விவரத்தை அவர்தான் கையெழுத்துப் போட்டுத் தரணும்." ரொட்டிக்கடைக்காரர் இன்றைக்கும் 'தொடர்புக்குக் காத்திருப்பவர்' பட்டியலில் இருக்கிறார்.

குழு கூடுவதற்கு ஒரு மாதம் ஆனது. மகள் விடுப்புப் போட்டுவிட்டு அப்பாவைக் குழுவின் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினாள். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா உள்ளதைச் சொல்லணும். தலையணை, கால், தாழ்வாரம், எல்லாத்தையும் சொல்லணும். குழாய்க்காரர் சரி சரி என்றார்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், நல்ல மனிதராகத் தெரிந்தார். எழுந்து நின்று கைகொடுத்தார். "வாங்க வாங்க. எப்படி இருக்கீங்க ஐயா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க" என்றார் குழாய்க்காரர்.

மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின.

மகளுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. அவருக்கும் உடனே உறைத்துவிட்டது. "இல்லைங்க, அது சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று தொடங்கினார். மூச்சு போதவில்லை. மகள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். குழு பொறுமையாகக் கேட்டது. வீட்டில் தூசி உண்டா என்று கேட்டது. மனைவியை நினைத்து வருந்துவாரா என்று கேட்டது. பெருமூச்சுக்கும் மூச்சிறைப்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று இடது பக்கத்து உறுப்பினர் விளக்கினார்.

"ஸ்கேன்ல கசிவு தெரியுதா இல்லையா?" என்றாள் மகள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் சொன்னார்: "கசிவு இருக்கும்மா. அதை நாங்க மறைக்கல. ஆனா ஒரு விஷயத்தை நீங்க நிதானமா யோசிக்கணும். இந்த வால்வு வெளியில, எந்திரத்துல வெச்சு இருபது கோடி தடவை திறந்து மூடிப் பாத்த வால்வு. எந்திரத்துல ஒரு சொட்டுக் கசியல. அதே வால்வு உங்க அப்பாகிட்ட வந்ததும் கசியுது. அப்ப மாறினது எது? வால்வு இல்ல. வால்வு தன் கடமையைச் செஞ்சிருக்கு. உங்க அப்பாதான் வால்வுக்கு ஒத்துழைக்கல."

தீர்மானம்: 'வயது'.

*

இரண்டாம் மாடியில் இருந்தவர் இளம் டாக்டர். மகள் விதியை மதிக்காமல் மாடிப்படி வழியாக இறங்கிப் போய் அவரைப் பிடித்தாள். அவர் வந்து அப்பாவின் நெஞ்சில் காதுமானியை வைத்தார். நீர் இறங்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இது கொஞ்ச நாள் தாங்கும். அவ்வளவுதான். பழைய வால்வுக்குள்ளேயே இன்னொரு வால்வை வைக்கலாம், அதே வழியாத்தான். ஐயா உடம்பு அதுக்குத் தாங்கும். வர்ற புதன்கிழமையே என்னால செய்ய முடியும். உள்ள இருக்கிறது என்ன அளவு, என்ன ரகம்னு மட்டும் தெரியணும். அது மேல கோப்புல இருக்கு. அவங்க விடுவிப்புக் கடிதம் கொடுத்தாத்தான் கோப்பு கீழ வரும்."

வேறு மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டாள். அவர்களும் அதே அளவைத்தான் கேட்பார்கள், அதே மாடிக்குத்தான் எழுதுவார்கள் என்றார்.

விடுவிப்புக் கடிதத்துக்கு இயக்குநரைப் பார்க்க வேண்டியிருந்தது. இயக்குநர் இருவரையும் வாசல் வரை வந்து வரவேற்றார். குழாய்க்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, விடாமலே பேசினார்.

"ஐயா, நூற்றி இருபது பேர்ல கடைசியா வால்வு வெச்சது உங்களுக்குத்தான். உங்களுக்குப் பத்து வருஷம் முடிஞ்சா எங்க ஆய்வு முடியுது. இன்னும் நாப்பத்தோரு நாள். இன்னைக்கு இன்னொரு வால்வு வெச்சா அது உங்களோட தோல்வின்னு பதிவாகும். பத்து வருஷம் கட்டிக்காத்த பேரை நாப்பத்தோரு நாளுக்காக விடணுமா? எனக்காகச் சொல்லல. உங்களுக்காகச் சொல்றேன். நான் உங்களைத் தோக்க விடமாட்டேன்."

"அவர் உயிர் போயிட்டா?" என்றாள் மகள்.

"அது தோல்வி இல்லம்மா. அது வேற கட்டம்."

ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறோம் என்றாள். அதற்கும் படிவம் இருந்தது. விலகினால் அன்றோடு அவர் இந்த நிலையத்தின் நோயாளி இல்லை. புதிதாகப் பதிந்து வரிசையில் நிற்க வேண்டும். வரிசை ஏழு மாதம். தவிர, புது நோயாளிக்குப் பழைய கோப்பு இருக்க முடியாது. அதாவது உள்ளே வால்வு இருப்பதாகவே நிலையத்துக்குத் தெரியாது. "நாப்பத்தோரு நாள் நல்லபடியா முடிச்சுக் கொடுங்க. மறுநாள் காலையில கடிதம் உங்க கையில. இது என் வாக்கு" என்றார் இயக்குநர்.

வீட்டுக்கு வந்து மகள் கத்தித் தீர்த்தாள். வழக்குப் போடுவேன் என்றாள், பத்திரிகைக்குப் போவேன் என்றாள். குழாய்க்காரர் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தோரு நாள்தானேம்மா. கோர்ட்டு அதுக்குள்ள நமக்கு நாற்காலி கூடப் போடாது. வாக்குக் கொடுத்திருக்காரு. நானும் எத்தனை வீட்டுக்கு நாளைக்கு வர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். போகாம இருந்ததில்ல."

அவர் எல்லாரையும் தன்னைப் போலவே நினைத்தார். ஆள் பார்த்துப் பழகியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மகளுக்குப் பின்னால் பல நாள் தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

*

பத்தாண்டு நிறைவு விழா நிலையத்தின் அரங்கத்தில். நாற்பத்தோரு நாளை மாத்திரையும் மகளும் சேர்ந்து ஓட்டியிருந்தார்கள். குழாய்க்காரர் சட்டைக்குள் பாதியாகியிருந்தார். மேடைக்கு ஏழு படி. சக்கர நாற்காலியில் கொண்டுபோகலாம் என்றாள் மகள். புகைப்படத்தில் சக்கர நாற்காலி வேண்டாம் என்று இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே பார்த்தவர்களுக்கு அவர் துள்ளி ஏறியது போல் இருந்தது.

இயக்குநர் பேசினார்.

"பத்தாம் ஆண்டுப் பரிசோதனைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் உயிரோடு வந்தார்கள். நூற்றுக்கு நூறு. மற்ற நூற்றொன்பது பேர் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். வருவதும் வராததும் நோயாளியின் உரிமை. வராதவர்களை நாங்கள் ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஒருவருடைய மரணத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதில்லை என்ற கொள்கையில் இந்த நிலையம் பத்து வருஷமாக உறுதியாக நிற்கிறது. உண்மையைச் சொன்னால், எங்கள் முடிவுகள் நோயாளிகளைவிட நலமாக இருக்கின்றன. அந்த உயரத்துக்கு நோயாளிகளும் வர வேண்டும் என்பதுதான் அடுத்த பத்தாண்டுக்கான எங்கள் கனவு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு ஒலிவாங்கியோடு குழாய்க்காரரிடம் வந்தார். "நம்ம பத்தாண்டு நாயகர். சொல்லுங்க ஐயா, எப்படி இருக்கீங்க?"

முதல் வரிசையில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் வந்துவிடும் என்று அவள் பயந்தாள். வரவில்லை. சொல்வதற்கு மூச்சு இல்லையா, மனம் இல்லையா, தெரியாது. ஒலிவாங்கியை இயக்குநர் கையிலிருந்து வாங்கினார். மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, ஒலிவாங்கியின் தலையை இடது மார்பில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

அரங்கத்தின் நான்கு மூலைப் பெட்டிகளிலிருந்தும் அது கேட்டது. புஸ். புஸ். புஸ். முந்நூறு பேர் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அதில் பாதிப் பேர் இதய வைத்தியர்கள். அது என்ன சத்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் மாடி டாக்டர் கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

இயக்குநர் கைதட்டத் தொடங்கினார். "கேளுங்கள். பத்து வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வால்வு பேசுகிறது" என்றார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. தட்டலில் சத்தம் அமுங்கிப் போனது.

*

மறுநாள் காலையில் கடிதம் வரவில்லை. இயக்குநர் முடிவுகளை வாசிக்க வெளிநாடு போயிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு இன்னொரு சந்தேகமும் வந்திருந்தது. ஆய்வு நேற்றோடு முடிந்துவிட்டது. முடிந்துபோன ஆய்விலிருந்து ஒருவரை எப்படி விடுவிப்பது? சட்டப் பிரிவைக் கேட்டிருந்தார். மகள் தினமும் நான்காம் மாடிக்கு நடந்தாள். இரண்டாம் மாடி டாக்டர் புதன்கிழமைப் படுக்கையைக் காலியாகவே வைத்திருந்தார். மேலே போய்ச் சண்டையும் போட்டுப் பார்த்தார். அவருக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது. கடிதம் வரவில்லை.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணிக்கு, மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குழாய்க்காரர் போய்விட்டார். பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியாக அவர் ஏதோ சொல்ல வந்தார், முடியவில்லை. சொல்ல வேண்டாம்ப்பா என்றாள். அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அந்த மூச்சின் சத்தத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நாலு மணிக்கு நிலையத்தின் தபால்காரர் வந்தார். கையில் அரக்கு வைத்த உறை. முன்னறையில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அது?" என்றாள் மகள்.

"விடுவிப்புக் கடிதம்மா. ரெண்டாவது வால்வு வைக்க ஆட்சேபணை இல்லைன்னு. கோப்பும் கீழ அனுப்பிட்டாங்க." உறைக்கு அடியில் இருந்த ஏட்டை எடுத்தார். "நோயாளி கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. காலில் இருந்ததைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, தலைமாட்டில் ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி வந்து, கையில் இருந்த ஏட்டை என்ன செய்வது என்று தெரியாமல் புரட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சும்மா திருப்பி எடுத்துட்டுப் போனா என் வேலைக்கு ஆகாது. இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. பெற்றுக்கொண்டார், மறுத்துவிட்டார். இறந்துட்டார்னு எழுத இடமே விடல."

மகள் அந்த ஏட்டைப் பார்த்தாள். எழுபத்தெட்டாவது நாளாக அவளிடம் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். பெற்றுக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியதாகிவிடும். செத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். அதற்கு அவள் சம்மதிக்க மாட்டாள். வாழ்நாளில் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். அவருக்குப் பதிலாக ஒரு தடவையாவது யாராவது முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல வேண்டும்.

"மறுத்துட்டார்னு எழுதுங்க" என்றாள். "நல்லா பெரிசா எழுதுங்க."

தபால்காரர் பெரிதாகவே எழுதினார். போகும்போது கைகூப்பிவிட்டுப் போனார். மகள் கதவோரம் சாய்ந்து நின்றாள். இந்த இரண்டரை மாதத்தில் முதல் முறையாக, அந்த நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

போய்ச் சேர்ந்தது. பத்தாண்டு அறிக்கை அடுத்த மாதம் அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாள், வண்ணப் படங்கள். அதன் பதினேழாம் பக்கத்தில், நோயாளிகளின் மனநிறைவு என்ற தலைப்பின் கீழே இப்படி இருக்கிறது: 'பத்தாண்டு நிறைவுக்குப் பிறகு ஒரு நோயாளிக்கு நிலையம் இரண்டாவது வால்வைத் தானே முன்வந்து வழங்கியது. அவர் மறுத்துவிட்டார். முதல் வால்வின் மீது நோயாளிகள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.'